26 வயதில் விடைபெற்ற கேப்ரியேலா சபாட்டினி

டென்னிஸ் வீராங்கனை கேப்ரியேலா சபாட்டினியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடுதான் முடிக்கிறார்கள். இவ்வளவு திறமை இருந்தும் ஒற்றையரில் ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்று) பட்டம்தானா, பாவம், ராசியில்லாதவர், 26 வயதிலேயே மட்டையைக் கீழே வைத்துவிட்டாரே என்று அவர்கள் வருந்துகிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. அந்த அர்ஜென்டினா வீராங்கனையின் ஆட்ட வாழ்க்கை பாதியில் நின்றுபோனது என்று நான் கருதவில்லை. அவர் நின்ற இடம் அவரே தேர்ந்தெடுத்த இடம். அந்தத் தேர்வும் சரியானது என்றே உறுதியாக நம்புகிறேன்.

1970 மே மாதம் புவனோஸ் ஏர்ஸில் பிறந்தவர் அவர். 1984இல் பிரெஞ்சு ஓப்பன் இளையோர் பட்டத்தை வென்றார். அதற்கு அடுத்த ஆண்டே, 15 வயதில், அதே பாரிஸில் பெரியவர்களுக்கான போட்டியில் அரையிறுதி வரை சென்று கிறிஸ் எவர்ட்டிடம் தோற்றார். மறு ஆண்டு விம்பிள்டன் அரையிறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவா எதிரே நின்றார். அதாவது, மற்ற பிள்ளைகள் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வயதில், அந்தக் காலத்தின் இரு பெரும் வீராங்கனைகளையும் அவர் எதிர்கொண்டு முடித்திருந்தார். 26 வயதில் ஓய்வு பெற்றார் என்பதை மட்டும் சொல்லி வியப்பவர்கள், 14 வயதிலேயே அவர் முழுநேர ஆட்டக்காரராகிவிட்டதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இடையில் கழிந்தவை ஏறத்தாழ 12 ஆண்டுகள். ஊர் ஊராக, கண்டம் கண்டமாக, வாரந்தோறும் வெற்றி தோல்வியை உலகம் எண்ணிக்கொண்டிருக்க வாழ்ந்த 12 ஆண்டுகள் அவை.

அவருடைய காலத்தையும் மறந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் எவர்ட்டும் நவ்ரத்திலோவாவும், பிறகு ஸ்டெஃபி கிராஃபும் மோனிகா செலஸும் ஆண்ட காலம் அது. கிராஃபுடன் மட்டும் 40 முறை மோதி 11 முறை வென்றார். 29 தோல்விகள் என்று இதைக் குறையாகச் சொல்பவர்களுக்கு 1988ஆம் ஆண்டை நினைவுபடுத்த விரும்புகிறேன். நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் கிராஃப் வென்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் தோற்றவை மூன்றே ஆட்டங்கள். அவற்றுள் இரண்டு சபாட்டினியிடம். அமெரிக்க ஓப்பன் இறுதியில் கிராஃபிடமிருந்து ஒரு செட்டைப் பறித்தவரும் 18 வயதான சபாட்டினிதான். இதே இருவரும் அந்த ஆண்டு விம்பிள்டனில் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. சியோல் ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவின் கொடியைத் தாங்கி அணிவகுப்பில் முன்னே நடந்து சென்ற அவர், 1924க்குப் பிறகு பதக்க விளையாட்டாகத் திரும்பிய டென்னிஸில் வெள்ளி வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அவருடைய நாட்டுக்குக் கிடைத்தவை இரண்டே பதக்கங்கள்.

என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் மையம் 1990தான். ஒற்றைக் கையால் ஓங்கி வீசும் பேக்ஹேண்டும், பந்தைச் சுழலவைத்து உயர எழுப்பும் டாப்ஸ்பின்னும் அவருக்கு இயல்பாகவே அமைந்தவை. களிமண் தரையில் அவை எவரையும் திணறடிக்கும். ரோம் நகரில் அவர் நான்கு முறை பட்டம் வென்றது அதனால்தான். ஆனால் பின்கோட்டிலேயே நின்று நீண்ட நேரம் பந்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் அந்த ஆட்டம், கிராஃபின் வேகத்துக்கு முன் போதவில்லை. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பனில் நான்காம் சுற்றிலேயே வெளியேறினார். அதன் பிறகு பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் கிர்மேர் பயிற்சியாளராக வந்தார். வலைக்கு முன்னேறி ஆடும்படி அவர் தூண்டினார். உலகின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருக்கும் ஒருவர், தன்னை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்த ஆட்டமுறையையே மாற்றிக்கொள்வது எளிதல்ல. சபாட்டினி சில மாதங்களில் அதைச் செய்தார். செப்டம்பரில் நியூயார்க்கில் கிராஃபை 6-2, 7-6 என்று வீழ்த்தி அமெரிக்க ஓப்பனை வென்றபோது, வலையை நோக்கி அவர் ஓடி வந்த ஒவ்வொரு முறையும் அந்தத் துணிச்சல் தெரிந்தது. அந்த வெற்றியில் தொடங்கி கிராஃபைத் தொடர்ந்து ஐந்து முறை தோற்கடித்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் அர்ஜென்டினா பெண் அவர். தொழில்முறை ஆட்டக்காரர்களும் பெரிய போட்டிகளில் ஆடலாம் என்ற ஓப்பன் காலம் 1968இல் தொடங்கியதிலிருந்து இன்றுவரை தென் அமெரிக்காவிலிருந்து அப்பட்டத்தை வென்ற ஒரே பெண்ணும் அவரே. ஒன்றுதானா என்று கேட்பவர்கள் இந்தச் செய்தியின் கனத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கிராஃபுக்கு எதிரான 1991 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை என்னால் இன்றும் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. மூன்றாவது செட்டில் இரண்டு முறை, வென்றால் கோப்பை என்ற நிலையில் சர்வ் செய்தார். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் அருகில் வரை வந்தார். கடைசியில் 8-6 என்று இழந்தார். அவருடைய சர்வ், குறிப்பாக இரண்டாவது சர்வ், எப்போதும் அவருடைய பலவீனமாகவே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1993 பாரிஸ் காலிறுதியில் மேரி ஜோ ஃபெர்னாண்டஸுக்கு எதிராக 6-1, 5-1 என்று முன்னிலையில் இருந்து, ஐந்து மேட்ச் பாயின்ட்டுகளை, அதாவது வென்றால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளிகளை, தவறவிட்டுத் தோற்றதும் உண்மையே. 1992 ரோம் வெற்றிக்குப் பின் இரண்டரை ஆண்டுகள் அவர் ஒரு பட்டமும் வெல்லவில்லை.

ஆனால் அந்த வறட்சி முடிந்த விதத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1994 நவம்பரில், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், ஆண்டிறுதிப் பட்டப்போட்டியின் இறுதியாட்டத்தில் லின்ட்சே டேவன்போர்ட்டை மூன்று நேர் செட்டுகளில் வென்றார். பெண்களும் ஐந்து செட் வரை ஆடிய ஒரே பெரிய மேடை அன்று அதுதான். 1988லும் அதே அரங்கில் அதே பட்டத்தை அவர் வென்றிருந்தார். 1990இல் அங்கேதான் செலஸுடன் ஐந்து செட்டுகள் முழுமையாக ஆடித் தோற்றார். 1901க்குப் பிறகு பெண்கள் ஆட்டம் ஒன்று ஐந்தாவது செட்டை எட்டியது அன்றுதான் முதல்முறை.

அவர் மிகுந்த கூச்ச சுபாவம் உடையவர். சிறு வயதில், வென்றால் கூட்டத்தின் முன் பேச வேண்டியிருக்குமே என்ற அச்சத்தில் சில போட்டிகளில் அரையிறுதியிலேயே வேண்டுமென்று தோற்றதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கோப்பையைவிட மைக்கைக் கண்டு அஞ்சிய ஒரு சிறுமி, தன் முகத்தைப் பத்திரிகை அட்டைகளில் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கைக்குள் வந்து விழுந்தாள். அவருடைய ஆட்டத்தைவிட அழகைப் பற்றியே அதிகம் எழுதிய அன்றைய விளையாட்டுப் பக்கங்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவர் பெயரில் வந்த வாசனைத் திரவியம்தான் கவனத்தைச் சிதறடித்தது என்பவர்களுக்கு ஒரு விவரம்: அது 1989இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது, அமெரிக்க ஓப்பனை அவர் வென்றது அதற்கு அடுத்த ஆண்டு.

1996 அக்டோபரில் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓய்வை அறிவித்தார். ஆட வேண்டும் என்ற உந்துதல் தன்னிடம் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். பெயருக்காகவும் பணத்துக்காகவும் இன்னும் நான்கைந்து ஆண்டுகள் அவர் தாராளமாக ஆடியிருக்கலாம். அழைப்புகளுக்கும் பஞ்சம் இருந்திருக்காது. மனம் இல்லாத இடத்தில் உடலை மட்டும் நிறுத்திவைக்க அவர் சம்மதிக்கவில்லை. 27 ஒற்றையர் பட்டங்களோடு விலகினார். மறுவருகை என்ற பெயரில் தொழில்முறை ஒற்றையர் ஆட்டத்துக்குத் திரும்பவும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2006இல், சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

2022இல், 52 வயதில், பாரிஸில் முன்னாள் வீரர்களுக்கான இரட்டையர் போட்டியில் சக அர்ஜென்டினா வீராங்கனை கிசெலா டுல்கோவுடன் சேர்ந்து அவர் மீண்டும் ஆட வந்தார். 15 வயதில் எவர்ட்டை எதிர்கொண்ட அதே பாரிஸ், அதே செம்மண் தரை. தரவரிசைப் புள்ளிகளோ பட்டத்தின் சுமையோ இல்லாத அந்த ஆட்டத்தில், அவர் அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்டை வீசியபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.