ஓட்டுகிறவர் மலையைப் பார்ப்பதில்லை

வேனில் வழிகாட்டியோடு போய் வந்து சனிக்கிழமை நான் போட்ட ராக்கி மலைப் படங்களுக்குக் கீழே என்ன நடந்தது என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முழுவதையும் மறுபடி எடுத்துப் போட எனக்கு மனமில்லை. ஒரு நண்பர் எழுதியதை மட்டும் சொல்கிறேன்: "வீட்டு வாசலில் ரெண்டு கார் நிக்குது. மலை உச்சி வரைக்கும் தார் ரோடு இருக்கு. இதுக்கு ஒரு வேன், ஒரு கைடு, தலைக்கு நூறு டாலருக்கு மேல. டிரைவர் பொண்ணுக்கே மலையில ஓட்டப் பயமா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். பதில் சொன்னால் பெரிதாகிவிடும் என்று வீட்டுக்காரரும் சொன்னார். ஆனால் பேருந்து டிரைவராக இருந்த என் அப்பாவை இழுத்த அந்தக் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பயம் இல்லை. அந்த ரோட்டில் நானும் ஓட்டியிருக்கிறேன், வீட்டுக்காரரும் ஓட்டியிருக்கிறார். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் மலையைப் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டென்வரிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் எஸ்டஸ் பார்க் என்ற சிற்றூர் வரும். அதன் பக்கத்தில்தான் ராக்கி மலைத் தேசியப் பூங்கா. 1915-லிருந்து இருக்கிறது. பூங்காவுக்குள் கிழக்கிலிருந்து மேற்கே கிராண்ட் லேக் வரை மலையின் முதுகு மேலேயே போகிறது டிரெயில் ரிட்ஜ் சாலை, 48 மைல். அதில் 11 மைல் மரமே முளைக்காத உயரம். உச்சி 12,183 அடி. இந்தியாவில் இமயமலைக்குத் தெற்கே ஆனைமுடியைவிட உயர்ந்தது எதுவும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த ஆனைமுடி 8,842 அடி. அதற்கும் மூவாயிரம் அடிக்கு மேலே இங்கே கார் போகிறது. பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. மூச்சு இழுத்தால் கடல் மட்டத்தில் கிடைக்கிற பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காது. அக்டோபர் நடுவில் பனிக்காக மூடினால் மே கடைசியில்தான் திறப்பார்கள்.

இரண்டு வருடம் முன்பு நாங்களே காரில் போனோம். அவர் ஓட்டினார். பின்னால் நான், பிள்ளைகள். ரெயின்போ கர்வ் என்ற வளைவு தாண்டியதும் பெரியவன் "அப்பா, அங்க பாருங்க, எல்க் மான் கூட்டமா!" என்று கத்தினான். அவர் ஒரு நொடிதான் திரும்பினார். அதற்குள் கார் மஞ்சள் கோட்டின் மேல். எதிரே வீடு மாதிரி பெரிய வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர் சட்டென்று வளைத்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்புறம் காரில் யாரும் பேசவில்லை. எதைப் பார்த்தாலும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த ரோட்டில் அவர் பார்த்ததெல்லாம் மஞ்சள் கோடும் முன்னால் போன வண்டியின் பின்புறமும்தான். ஊருக்குத் திரும்பி எல்லாரிடமும் "மலை அருமை" என்றார். எந்த மலை என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அதனால்தான் இந்த முறை, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தபோது, வேனில் இடம் பதிவு செய்தேன். பதினொரு பேர் போகிற வேன். ஓட்டுகிறவரே வழிகாட்டியும். ஐம்பது வயதிருக்கும். குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டுவாராம்.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது நியாயமான கேள்வி. ஐந்து பேர் போனால் ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகும். எல்லோராலும் முடியாது, நாங்களும் நாலு மாதம் யோசித்துத்தான் செய்தோம். ஆனால் அதே பணத்தில் நான் ஒரு போன் வாங்கிப் படம் போட்டிருந்தால் வாழ்த்துச் சொல்லியிருப்பீர்கள். ஒரு மனிதர் தனக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லி, எங்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியதற்குக் கொடுத்த பணம் மட்டும் உங்கள் கண்ணுக்கு வீணாகத் தெரிகிறது.

"நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதே" என்றார் இன்னொருவர். ஜூலை மாதம் பகல் பதினொரு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். முதலில், எந்த நேரத்துக்கு உள்ளே வருவீர்கள் என்று முன்பே பதிவு செய்யாத காரை அந்த நேரத்தில் விடமாட்டார்கள். விட்டாலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மில்னர் கணவாயில் பூடர் ஏரிக்கரையில் இன்னும் அரை மணி நேரம் உட்கார அம்மா ஆசைப்பட்டார். முடியவில்லை. வேன் கிளம்பிவிட்டது.

அப்புறம் அந்த ஆப் விஷயம். காரில் போகும்போது இடத்தைக் கண்டுபிடித்துத் தானாகவே கதை சொல்லும் ஆப் இருக்கிறது, அது போதுமே என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். இருக்கிறது, போன முறை நாங்களும் போட்டோம். நல்ல ஆப்தான். ஆனால் அது மேகத்தைப் பார்க்காது.

திரும்பி வரும்போது ராக் கட் என்ற இடத்தில் இறங்கி அரை மைல் நடப்பதாக இருந்தது. வழிகாட்டி வண்டியை நிறுத்தினார், மேற்கே பார்த்தார், யாரும் இறங்க வேண்டாம் என்றார். எங்களுக்கு வானம் நீலமாகத்தான் தெரிந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கருப்பு. பின் இருக்கையில் ஒரு இளைஞர் முனகினார். "பணம் கொடுத்தது நடக்கத்தானே" என்று சத்தமாகவே சொன்னார். வழிகாட்டி கோபப்படவில்லை. 2014 ஜூலையில் இதே சாலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மின்னல் தாக்கி இரண்டு பேர் இறந்ததைச் சொன்னார். மரமில்லாத மேட்டில் நிற்கிற மனிதர்தான் அங்கே உயரமான பொருள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கூரை மேல் ஆலங்கட்டி விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. இளைஞர் அப்புறம் பேசவில்லை. நாங்களே காரில் வந்திருந்தால் அந்நேரம் அம்மாவைக் கைபிடித்துக்கொண்டு அந்த மேட்டின் நடுவில் நின்றிருப்போம். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அதற்கு முன்பு, போகும்போது மேலே ஓர் இடத்தில் இறங்கி நின்றோம். வழிகாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் அங்கே காலடியில் இருந்ததையும் மிதித்திருப்போம். ஒரு சாண் அகலத்துக்குப் பாசி மாதிரி படர்ந்து இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த செடி ஒன்றைக் காட்டினார். அவ்வளவு அகலம் வளர இருபது, இருபத்தைந்து வருடம் ஆகுமாம். பக்கத்தில் கையளவு உயரத்தில் பெரிய மஞ்சள் பூ, சூரியகாந்தி இனம். பல வருடம் வேரில் சேர்த்துச் சேர்த்து வைத்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். பெரும்பாலும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். "நம்ம குறிஞ்சி மாதிரி" என்றார் அப்பா. போன முறை இதே இடத்தில் நாங்கள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச்சை அவரிடம் கொண்டுபோனது நான் இல்லை.

அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டினார். அதில் பெரும்பகுதி பொள்ளாச்சி–வால்பாறை தடம். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு நாளைக்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுவதும் தெரியும், லோம்ஸ் வியூ என்பார்கள். சுற்றுலா வருகிற எல்லாரும் அங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அப்பா அந்த வளைவைக் கடந்த கணக்கு ஆயிரங்களில் இருக்கும். "ஓட்டறப்ப ஒரு தடவ கூட அணையப் பாத்ததில்ல கண்ணு. பஸ்சுல இருக்கறவங்க எல்லாரும் ஒரு பக்கமாத் திரும்பறது கண்ணாடில தெரியும். ஓகோ, அணை வந்துருச்சுன்னு நெனச்சுக்குவேன்" என்றார். வேனில் அவர் இதைச் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழிகாட்டியிடம் அப்பா யார் என்று சொன்னதும் முன் இருக்கையை அவருக்குக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் அப்பா மலையைப் பார்க்கவே இல்லை. வழிகாட்டியின் காலையும் கையையும்தான் பார்த்தார். ஒவ்வொரு வளைவுக்கும் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல. மெனி பார்க்ஸ் கர்வ் தாண்டி, இன்னும் மேலே ஏறி, ரெயின்போ கர்வ் வரும்போது கவனித்தேன். கால் அசையவில்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. அதற்கப்புறம் எஸ்டஸ் பார்க் திரும்பும் வரை அவர் ரோட்டைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, இறக்கத்தில் ஒரே ஒரு தடவை தவிர. வழிகாட்டி கியரைக் குறைத்தார், என்ஜின் சத்தம் மாறியது. அப்பா திரும்பி என்னிடம், "பாத்தியா, ஏறுன கியர்லயே எறக்கறான். பிரேக்குல கால் வெக்கறதே இல்ல. நல்ல டிரைவர்" என்றார். அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த மனிதர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் குனிந்து நன்றி சொன்னார்.

மேற்கே ஃபார்வியூ கர்வில் இறங்கி நின்றோம். எதிரே நெவர் சம்மர் மலைகள், கோடையே வராத மலை என்று பெயர். அதன் இடுப்பில் சமமாக ஒரு கோடு. "அது என்ன கண்ணு, ரோடா?" என்றார் அப்பா. வாய்க்கால் என்றார் வழிகாட்டி. கிராண்ட் டிட்ச். 1890-இல் வெட்ட ஆரம்பித்து 1936-இல் முடித்திருக்கிறார்கள். மேற்கே பசிபிக் பக்கம் போக வேண்டிய உருகிய பனித்தண்ணீரை மலைச்சரிவிலேயே வளைத்துப் பிடித்து, கணவாய் தாண்டிக் கிழக்கே வயல்களுக்குக் கொண்டுபோகிறார்கள். 2003-இல் கரை உடைந்து கீழே காட்டை அழித்துக்கொண்டு போயிருக்கிறது. நான் பாதி மொழிபெயர்ப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "நம்ம பி.ஏ.பி.!" பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்திலும் அதேதான், மேற்கே போகிற தண்ணீரைக் கிழக்கே திருப்புவது. அந்தத் தண்ணீரை மலையோரமாகக் கொண்டுபோகிற காண்டூர் கால்வாயைப் பற்றி அப்பா சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, வழிகாட்டி நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டார். இரண்டு டிரைவர்கள், நடுவில் நான். என் வாழ்க்கையில் அப்பாவிடம் ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது சொல்லுங்கள், இதற்கு நூறு டாலர் அதிகமா?

இல்லை, இது பணத்தைப் பற்றியே இல்லை. "டிரைவர் பொண்ணு" என்று எழுதினீர்களே, அதைப் பற்றி. நீங்கள் கேலியாக எழுதவில்லை என்று பின்னால் விளக்கம் கொடுத்திருந்தீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் டாக்டர் மகள் டாக்டரிடம் போனால் "டாக்டர் பொண்ணுக்கே ஊசின்னா பயமா" என்று சிரிப்பீர்களா? ஓட்டுவது மட்டும் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை, அதற்குக் காசு கொடுப்பது ஏமாளித்தனம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

ஒரு தடவை இரவு கடைசி வண்டி. காட்டுக்குள் வளைவில் யானை நின்றதால் அப்பா விளக்கைக் குறைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். பின்னாலிருந்து ஒருவர் "ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் இந்த ரூட்டைக் குடுத்தா இப்படித்தான்" என்று கத்தியிருக்கிறார். அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். எனக்கு அப்போது பத்து வயது. ராக் கட்டில் அந்த இளைஞர் முனகியபோது அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த இரவு இருந்தது. மொழி புரியாமலே புரிந்துகொண்டார். "வண்டி ஓட்டற தம்பி சொன்னாக் கேக்கோணும்" என்றார் என்னிடம், மெதுவாக.

உங்கள் கருத்தை நான் அழிக்கவில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டவும் இல்லை. வியாழக்கிழமை அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். நான் எடுத்த இருநூறு படங்களையும் காட்டி எதைச் சட்டம் போட்டுக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்க்கிற படத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். "அந்த வாய்க்கால் தெரியறது இருக்குதில்ல, அதைப் பெருசாப் போட்டுக் குடு கண்ணு. ஆனமல மாமாகிட்டக் காட்டோணும்" என்றார். அந்தப் படத்தில் பாதி மேகம். கோடு லேசாகத்தான் தெரிகிறது. நாளைக்குப் போய்ப் பிரிண்ட் போடுகிறேன்.