ஜன்னல் வெயில் ஆமைக்குப் போதாது

“தொட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதும், சிவப்புக்காது ஆமைக்குத் தனி விளக்கு வேண்டாம்” என்று பகிரப்படும் தகவல் தவறு.

வைட்டமின் டி3 உருவாக 290–315 நானோமீட்டர் புறஊதா பி (யுவிபி) கதிர் தோலில் படவேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும்தான் உள்ளே வரும். டி3 இல்லாவிட்டால் தீனியில் இருக்கும் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். வளர்ந்த ஆமையின் ஓட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: அமுங்கினால் நோய். (பிறந்து சில வாரமே ஆன குஞ்சுக்குக் கொஞ்சம் வளைவது இயல்பு.)

யுவிபி குழல்விளக்கை ஆமை ஏறி உட்காரும் கல்லுக்கு நேர்மேலே, இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், தினம் 10–12 மணி நேரம் எரியவிடுங்கள். வெளிச்சம் குறையாவிட்டாலும் 6–12 மாதத்தில் யுவிபி தேய்ந்துவிடும், விளக்கை மாற்றவேண்டும். ஓடு ஏற்கெனவே மெத்தென்று இருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.