பிள்ளைகளின் பல்லைக் கம்ப்யூட்டரில் திருத்தித் தர மாட்டேன்

தண்டையார்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பள்ளி அடையாள அட்டை, பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா பேனர் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் முகத்தை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இந்த மாதத்திலிருந்து ஒரு வேலையை நிறுத்திவிட்டேன். குழந்தையின் பற்களுக்கு நடுவே இருக்கும் சந்தை அடைப்பது, எத்துப்பல்லை உள்ளே தள்ளுவது, கிளிப் கம்பியை அழிப்பது, இதில் எதையும் இனிக் கம்ப்யூட்டரில் செய்து தர மாட்டேன். கூடுதல் காசு கொடுத்தாலும் சரி, கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாலும் சரி. கல்லாவில் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சமீபத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனர் வேலை வந்தது. பெண்ணுக்கு 12 வயது இருக்கும். பட்டுப்பாவாடை, ஒட்டியாணம், தலை நிறையப் பூ, பல்லில் கிளிப். "அண்ணா, அந்தக் கம்பியை மட்டும் எடுத்துவிடுங்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் பார்ப்பார்கள்" என்றார் அம்மா. படத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு பல்லும் குளியலறை டைல்ஸ் அளவுக்குத் திரையில் வந்து நின்றது. கம்பியைப் பிடித்திருந்த குட்டி ரப்பர் வளையங்கள் மஞ்சள் நிறம். "ஏன் மஞ்சள்?" என்று பெண்ணைக் கேட்டேன். "சென்னை டீம் கலர் அங்கிள், நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றாள். ரப்பர் மாற்றப் போகும்போதெல்லாம் டாக்டர் ஒரு நிற அட்டையை நீட்டுவாராம், இவள் தேர்ந்தெடுப்பாளாம். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. அம்மா மறுபடியும் "எடுத்துவிடுங்கள்" என்றதும் உதட்டை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவிடம் பேசி, கொஞ்சம் சண்டையும் போட்டு, மஞ்சள் ரப்பரோடுதான் பேனர் அடித்துக் கொடுத்தேன்.

கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இந்த உதடு மூடுவது நன்றாகத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்து பொக்கையாக இருந்தாலும் தொண்டை தெரியச் சிரிக்கும். அதே பிள்ளை ஒன்பது வயதில் வரும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு கன்னத்தை மட்டும் தூக்குகிறது. இடையில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். "எலிப்பல்", "தேங்காய்த் துருவி" என்று வகுப்பில் பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். பாதி நேரம் அது வீட்டிலேயே நடக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே "இவள் பல்லைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று என்னிடம் சொல்கிறார்கள்.

இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், சந்தை அடைக்கச் சொல்லி வரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அந்தச் சந்து இருக்க வேண்டிய வயது. ஏழு வயதிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு வரை மேல் முன்பற்கள் விசிறியாக விரிந்து நடுவில் இடைவெளி தெரியும். மேலே எலும்புக்குள் கோரைப்பற்கள் இறங்கக் காத்திருக்கின்றன. அவை பக்கத்துப் பற்களின் வேரை அழுத்துவதால் பல்லின் முனை வெளிப்பக்கம் சாய்கிறது. கோரைப்பல் இறங்க இறங்க அந்த அழுத்தம் இடம் மாறி, சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். 1937இலேயே பிராட்பென்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பார்க்க அசிங்கமாக இருந்து பின்னால் அழகாகும் வாத்துக்குஞ்சுக் கதையை வைத்து இந்தப் பருவத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். சந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, மேலுதட்டின் உள்பக்கத் தசைநார் தடித்துப் பல்லுக்கு நடுவில் இறங்கியிருந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றவர்கள் கோரைப்பல் வரும்வரை பொறுத்திருக்கலாம்.

உடனே "அப்படியானால் கிளிப்பே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. சில பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும், அவர்களுக்குத்தான் எங்கள் பக்கத்தில் அது கிடைப்பதில்லை. மேல் முன்பல் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு, உதடு தானாக மூடாத பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பல்தான். எத்துப்பல் உள்ள பிள்ளைகளுக்கு முன்பல் உடையும் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வியாசர்பாடியில் பந்து விளையாடாத பையன் உண்டா? குத்துச்சண்டைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர்! பாதி உடைந்த முன்பல்லோடு அடையாள அட்டைப் படத்துக்கு வருகிற பையன்களை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். (இது பேச்சோடு பேச்சாக: பால்பல் விழுந்து முளைத்த நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். வேரைத் தொடாமல் பிடித்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பல நேரம் திரும்பப் பொருத்திவிடுவார்கள். பால்பல்லுக்கு இது பொருந்தாது.)

கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே வந்து கடிக்கிற பிள்ளை, நாலைந்து வயது தாண்டியும் விரல் சூப்பி முன்பக்கம் மேலும் கீழும் சேராமல் போன பிள்ளை, எப்போதும் வாயால் மூச்சு விடுகிற பிள்ளை, இவர்களையும் சீக்கிரம் காட்ட வேண்டும். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அந்த வளர்ச்சியையே பயன்படுத்திக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. வளர்ந்து முடிந்த பிறகு வேலை கடினம், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட்கள் (பல் வரிசையைச் சீராக்கும் மருத்துவர்கள்) சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. காட்டத்தான் சொல்கிறது, எல்லாருக்கும் கம்பி மாட்டச் சொல்லவில்லை.

நான் மௌஸைப் பிடித்து இரண்டு நிமிடத்தில் செய்வதை உடம்பு செய்ய இரண்டு வருடம் வரை ஆகும். பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை, நடுவில் மெல்லிய நார்ப் படலம் இருக்கிறது. கம்பி மெதுவாக இழுக்கும்போது ஒரு பக்கம் அந்தப் படலம் நசுங்கும், அங்கே உடம்பு எலும்பைக் கரைக்கும். எதிர்ப்பக்கம் படலம் இழுபடும், அங்கே புது எலும்பு வைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும். வேகப்படுத்துகிறேன் என்று முரட்டுத்தனமாக இழுத்தால் வேர் தேய்ந்துவிடும். அந்த இரண்டு வருடமும் அழுக்கு சேராமல் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு நிற்கும். அப்படி நின்றதையும் அழிக்கச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்கள்.

சிரிப்பு மாறுகிறதா என்றால், மாறுகிறது, சில பிள்ளைகளுக்கு அடையாளமே தெரியாத அளவுக்கு. எத்துப்பல் உள்ளே போனதும் உதடு இயல்பாக மூடுகிறது, முகவாய் இறுக்கம் தளர்கிறது, பக்கவாட்டுப் படத்தில் முகமே வேறாகத் தெரிகிறது. ஆனால் கிளிப் கழற்றிய வாரத்தில் படம் எடுக்க வருகிற பிள்ளைகளில் பலர் இன்னமும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். கை தானாக வாய்க்குப் போகிறது. பல் நேராகிவிட்டது, பழைய பழக்கம் போகவில்லை. அந்தக் கையைக் கீழே இறக்க வைக்கச் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்காகிறது.

இன்னொன்று, நேரான பல் எல்லாமே நல்ல சிரிப்பு ஆகிவிடாது. சிரிக்கும்போது மேல் முன்பற்களின் விளிம்பு கீழுதட்டின் வளைவை ஒட்டி ஒரு வளைவாகப் போனால்தான் அழகு. எல்லாப் பல்லையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த வளைவு தட்டையாகி, சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் முதிர்ந்த சிரிப்பு வந்துவிடும். பல் மருத்துவர்களே இதை எழுதி எச்சரித்திருக்கிறார்கள். நல்ல டாக்டர் எக்ஸ்ரேயையும் பல் அச்சையும் பார்ப்பதோடு நிற்காமல், பிள்ளையைப் பேச வைத்து, சிரிக்க வைத்துப் பார்ப்பார். உங்கள் டாக்டர் பார்த்தாரா?

தெத்துப்பல் எனக்குப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். எங்கள் அத்தையின் தெத்துப்பல்லைப் பார்த்துத்தான் பெண் பார்க்க வந்தவர்கள் "அதிர்ஷ்டக்காரப் பெண்" என்றார்களாம். இப்போதைய பெற்றோர் அதைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். அது கோரைப்பல் ஐயா, வாயிலேயே நீளமான வேர் உள்ள பல். டாக்டர்கள் பெரும்பாலும் அதைக் காப்பாற்றி, அதற்குப் பின்னால் உள்ள பல்லை எடுத்துத்தான் இடம் உண்டாக்குவார்கள். அப்படி எடுப்பது சரியா தவறா என்று பல் வரிசை மருத்துவர்களான எட்வர்ட் ஆங்கிளின் கட்சியும் கால்வின் கேஸும் அமெரிக்காவில் 1911இல் மோதிக்கொண்டார்கள். நூறு வருடம் தாண்டியும் அந்தச் சண்டை ஓயவில்லை. ஆகவே பல் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

"பல் சரியானால் தன்னம்பிக்கை வந்துவிடும்" என்ற விளம்பரத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. வேல்ஸில் கார்டிஃப் நகரில் 1981இல் 11, 12 வயதில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள். இருபது வருடம் கழித்து அவர்களில் எட்ட முடிந்தவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சை தேவைப்பட்டு எடுத்துக்கொண்டவர்களுக்குப் பல் வரிசையும் நன்றாக இருந்தது, தங்கள் பல்லைப் பற்றிய திருப்தியும் கூடியிருந்தது. ஆனால் சிறுவயதில் யாருக்கு எவ்வளவு தன்மதிப்பு இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்ததும், பெரியவர்களான பிறகு மனநலத்தில் கிளிப்பால் வந்த வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிளிப் பல்லைத்தான் நேராக்கும். "தேங்காய்த் துருவி" என்று கூப்பிட்ட சித்தப்பாவை அது நேராக்காது.

பணத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தனியார் கிளினிக்குகளில் சாதாரண உலோகக் கிளிப்புக்கே பல ஆயிரம் கேட்கிறார்கள், தவணை வசதியும் உண்டு. காசிமேட்டில் வலை இழுப்பவரும் எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்பவரும் அதைக் கட்ட மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953இல் தொடங்கியது, கிளிப்புக்குத் தனிப் பிரிவே உண்டு, தனியாரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. நம்மில் பலருக்கு அங்கே பல் பிடுங்க மட்டும்தான் போகத் தெரிகிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை என்று இரண்டு வருடம் யாராவது ஒருவர் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு போக வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுப் பல்லில் கம்பியோடு அலைகிற பிள்ளைகளைத் தெரியும். அந்தப் பெற்றோர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

செலவே இல்லாத ஒன்றைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். "விழுகிற பல்தானே" என்று பால்பல் சொத்தையை விட்டுவிடுகிறோம். பால்பல் சீக்கிரம் போனால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், அடியிலிருந்து வரும் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். இன்னொரு கூத்து, ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிலைப்பல், ஆயுள் முழுக்க இருக்க வேண்டியது. பால்பல் என்று நினைத்து அதையும் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணெய் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டாம், போன் டார்ச் போதும், இன்று இரவே பார்த்துவிடுங்கள்.

கிளிப் முடிந்து ரிடெய்னர் (நேரான பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் கருவி) கொடுத்தால் அதைப் போடச் சொல்லுங்கள், ஹோட்டலில் காகிதத்தில் சுற்றி மேஜையில் வைத்துவிட்டு வராதீர்கள். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், பிறகு கல்யாண ஆல்பத்துக்கு என்னிடம் வந்து நிற்பீர்கள்.

கடை விதி இனி இதுதான். சந்தோ, கம்பியோ, உடைந்த பல்லோ, பிள்ளை எப்படி வருகிறதோ அப்படியே படம். பல்லைப் பற்றிக் கடைக்குள் யாரும் பேசக் கூடாது, பாட்டியாக இருந்தாலும் சரி. பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் வாயை மூடச் சொல்வேன், அது என் விதி இல்லை, அரசாங்க விதி.