யின்சென்ஹாவ் கஷாயம்: எலியில் கண்டது நோயாளிக்கு நிரூபணம் ஆகாது

‘யின்சென்ஹாவ் டாங் கல்லீரல் நோயைக் குணமாக்கும் என்று சீன விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள், மூலிகை என்பதால் பக்கவிளைவே இல்லை’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மஞ்சள் காமாலைக்குச் சீனாவில் சுமார் 1,800 ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மூன்று மூலிகைக் கஷாயம் இது. ரசாயனத்தால் கல்லீரல் கெடுக்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்து, சிறுநீரிலும் ரத்தத்திலும் பித்த அமிலம், அமினோ அமிலம் போன்றவற்றின் அளவைப் பார்த்தார்கள். மாறியிருந்த பல அளவுகள் இயல்பை நோக்கித் திரும்பின. நல்ல தடயம்தான். மருந்து எந்த வழியில் வேலை செய்யலாம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். நோயாளி குணமாவார் என்று சொல்ல மனிதர்களிடம் சோதனை வேண்டும்.

அப்புறம், பக்கவிளைவே இல்லை என்ற அந்தப் பேச்சு. இதில் சேரும் கார்டீனியா என்ற செடியின் காயிலுள்ள ஜெனிபோசைடு என்ற வேதிப்பொருள், அளவு மிஞ்சினால் எலியின் கல்லீரலையே கெடுக்கிறது. ஹெ ஷோ வு என்ற இன்னொரு சீன மூலிகையின் வேரால் மனிதர்களுக்கே கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. கண் மஞ்சளானால் தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் போங்கள்.