வேலை இல்லாத மாதத்துக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் உண்டு

“காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை பில் போடுவதில்லை, அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னும் வேண்டாம்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு, தயவுசெய்து யாரும் நம்பிவிடாதீர்கள். ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஜிஎஸ்டி எண் வாங்கியாகிவிட்டது என்றால், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் நில் ரிட்டர்ன் (எதுவும் இல்லை என்று காட்டும் கணக்கு) போட்டே ஆக வேண்டும்.

போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். நில் ரிட்டர்ன் ஒன்றுக்கு 500 ரூபாய் வரை போகும். கையில் காசு இறுக்கமாக இருக்கும் நேரத்தில் இது வீண் செலவு. பெரிய சிக்கல் அதற்கு அப்புறம்தான். பழைய 3பி (வரிக் கணக்கைச் சுருக்கமாகக் காட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) பாக்கி இருந்தால் அடுத்த மாதத்துக்குப் போட முடியாது. மாதாமாதம் போடுபவர் தொடர்ந்து 6 மாதம் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். புது கிளையன்ட் கிடைத்து முதல் இன்வாய்ஸ் அனுப்பும்போது எண் செல்லாது என்று வந்தால், பணம் நின்றுவிடும். வேலையில் இடைவெளி முடிந்த பிறகும் வருமானத்தில் இடைவெளி தொடரும்!

நில் 3பி-யை 14409 எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம். ஆனால் அந்த மாதம் லேப்டாப் வாங்கி, பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் போட்டு, கிரெடிட் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கிறீர்கள் என்றால் அது நில் இல்லை. போர்ட்டலில்தான் போட வேண்டும்.

நீண்ட நாள் வேலை இருக்காது என்று தெரிந்தால், பதிவை முறைப்படி ரத்து செய்ய விண்ணப்பிக்கலாம். சும்மா விட்டுவிடாதீர்கள்.