முதலில் கட்டடம் வேண்டாம்

நலிந்த ஊரில் மிஷன் மையம் தொடங்கும் கிறிஸ்தவ சபை முதலில் இடம் வாங்கி, ஜெபக்கூடமும் மருத்துவமனையும் கட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நோக்கம் நல்லது, வரிசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மகாராஷ்டிராவின் ஜாம்கேடைப் பாருங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970-ல் அங்கே போனபோது, பழைய கால்நடை மருந்தகம் ஒன்றில்தான் வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். கடும் வறட்சி. ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது சோறும் தண்ணீரும்தான். டாக்டர்களாக இருந்தும் அதையே முதலில் செய்தார்கள். கைப்பம்புகளைத் தலித் மக்கள் குடியிருக்கும் பக்கமாகப் போட்டார்கள். அதுவரை ஊர்க் கிணற்றை நெருங்க விடாமல் விரட்டியவர்களே குடத்தோடு அங்கே வந்து நிற்க வேண்டியதாயிற்று! எத்தனை பிரசங்கம் செய்தாலும் இது நடந்திருக்குமா?

அப்புறம் அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. பிரசவம் பார்ப்பது, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. 1979-ல் அந்தத் தம்பதிக்கு, ஆசிய அளவில் பொதுத்தொண்டுக்குத் தரப்படும் மகசேசே விருது கிடைத்தது.

அதனால் திட்டம் போடுகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். கமிட்டியில் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பாதி இடமாவது கொடுங்கள். உதவி வாங்க வருகிறவரிடம் எந்தச் சபை என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.