மழை பெய்த வருடமென்றால் புல்வெளித் தீ வராதா?

"போன வருஷம் நல்ல மழை, இது குளிர்காலம் வேற, வறட்சிக் குறியீடும் குறைவு, அதனால் புல்வெளிப் பண்ணைகளுக்குத் தீ ஆபத்து கிடையாது" என்று ஒரு வாதம் உண்டு. அதில் சொல்லும் மூன்று காரணங்களுமே புல்லுக்குப் பொருந்தாது.

வறட்சிக் குறியீடு மண்ணின் ஈரத்தையும் மட்கிய சருகையும் பற்றிச் சொல்வது, காட்டுக்கு அது சரி. காய்ந்த புல் மெல்லியது. காலையில் பனியில் நனைந்திருந்தாலும் வெயிலும் காற்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்திலேயே உலர்ந்துவிடும். நல்ல மழை என்றால் புல் அடர்த்தியாக வளரும், பிறகு உறைபனியில் காய்ந்து அத்தனையும் எரிபொருளாக நிற்கும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கு மேய்ச்சல் நிலங்களையே பாருங்கள். 2023 கோடைத் தொடக்கத்தில் அங்கே நல்ல மழை. 2024 பிப்ரவரி 26 அன்று, ஆமாம் குளிர்காலத்தில்தான், ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ தொடங்கியது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய தீ ஆனது, ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. மறுநாள் குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) வந்து காற்று வடக்கிலிருந்து திரும்பி அடித்ததும், அதுவரை பக்கவாட்டு ஓரமாக இருந்த நீண்ட தீக்கோடு முழுவதும் முன்வரிசையாக மாறித் தெற்கே நகர்ந்தது.

அதனால் பண்ணையில் பார்க்க வேண்டியது புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எவ்வளவு அடர்த்தி, மேய்ந்து குட்டையாக இருக்கிறதா, அப்புறம் அன்றைய காற்றும் ஈரப்பதமும். குறிப்பாகக் காற்று எந்த நேரத்தில் திசை மாறும் என்பது. நாள்காட்டி இல்லை.